கைகளைப் பின்னால் கட்டியவள்

புந்தா அரெனாஸில் இன்று காற்று
மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர்.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பிடித்து
தேர்வுக்கு வருகிறாள் யாஸ்னா மிகோவிலோவிச்.
உள்ளங்கையில் பேனா மை:
அட்ரினலின், ஒரு மில்லிகிராம், மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்.
வாசலில் நின்று எச்சில் தொட்டு அழிக்கிறாள்.
எழுதி வைத்தால் மறந்துபோகும் அவளுக்கு.

மருத்துவமனையின் அடித்தளம், சலவை அறைக்குப் பக்கம்.
மேசைமேல் இடுப்போடு முடிந்துவிட்ட ஒருவன்.
முந்தைய அணிகள் வைத்த பெயர் டான் எவாரிஸ்தோ.
போன வாரம் மட்டும் நாற்பது தடவை இறந்தான்.
சரியாக ஐந்து சென்டிமீட்டர் அமிழ்ந்தால்
நெஞ்சுக்குள் ஒரு சொடுக்கு.

அமுக்கு. விடு.
அமுக்கு. விடு.
நிமிடத்துக்கு நூற்றுப்பத்து.
'விடுவதில்தான் எல்லோரும் கஞ்சர்கள்' என்பார் டாக்டர் பார்ரியா.
'முழுக்க விட்டால்தான் நெஞ்சு நிமிரும்,
நிமிர்ந்தால்தான் ரத்தம் உள்ளே வரும்.'

மூன்று வாரமாக இரவுப்பணி முடிந்த கண்ணோடு படித்தாள்.
உருளைக்கிழங்குத் தோல் சீவியபடி கேள்வி கேட்டாள் மகள் டானித்சா.
அமியோடரோன்?
முந்நூறு. அடுத்தது நூற்றைம்பது.
ஷாக் கொடுத்ததும்?
நாடி தேடாதே, உடனே அமுக்கு.
முட்டை எவ்வளவு நேரம் வேக வேண்டும்?
இரண்டு நிமிடம், பிறகு ஆளை மாற்று.
அன்றைக்கு முட்டை வழிந்தது.

போன வருடம் தோற்றது மருந்தில் இல்லை, கையில்.
நிபால்தோ களைத்து வேகம் குறைய
அவனைத் தோளால் தள்ளிவிட்டுத் தானே அமுக்கினாள்.
பதினேழு வருடப் பழக்கம், நினைக்குமுன் போய்விடுகிற கை.
'அணித்தலைவி அமுக்கினால்
அறையை யார் பார்ப்பது?' என்றார் பார்ரியா.
தாளில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

இன்று கைகளைப் பின்னால் கட்டி நிற்கிறாள்.

'மீனவர், ஐம்பத்திரண்டு வயது.
நீரிணையிலிருந்து இப்போதுதான் தூக்கினார்கள்.'
பார்ரியா பொத்தானை அழுத்துகிறார்.
திரையில் அலை எழுகிறது,
ஒழுங்காக, இடைவெளி தவறாமல், பார்க்கவே அழகாக.
அறை மூச்சு விடுகிறது.
நிபால்தோவின் கை நெஞ்சிலிருந்து எழப் பார்க்கிறது.

அவளுக்கு முதுகுக்குப் பின் விரல்கள் தினவெடுக்கின்றன.
'கழுத்தில் நாடி பார், நிபால்தோ. பத்து விநாடிக்கு மேல் வேண்டாம்.'
'நாடி பார்க்கிறேன்...'
ஆறு. ஏழு.
நாடி நாடிப் போன விரலுக்கு
'இல்லை.'

உயிர் வந்து ஏறாத மெய்.
தலையில் புள்ளியோடு அசையாமல் கிடக்கிறது.
திரை மட்டும் அதைச் சத்தமாக வாசிக்கிறது.

'அமுக்கு.'
'அமுக்குகிறேன்.'
'ரோசாமெல், மூச்சுப்பை. யாராவது காரணம் சொல்லுங்கள்.'
ரத்தம் போயிருக்கலாம், பொட்டாசியம் ஏறியிருக்கலாம்,
கட்டி அடைத்திருக்கலாம்.
பாடமாய் வந்ததையெல்லாம் வரிசையில் நிறுத்தும்போது
சன்னலை ஒரு முறை உலுக்கிப் போகிறது காற்று.
'உடம்புச் சூடு எவ்வளவு?'
பார்ரியா தாளைப் பார்க்கிறார். 'இருபத்தெட்டு.'
'அப்படியானால் நிறுத்தப்போவதில்லை.'
'எதுவரைக்கும்?'
'சூடேறும்வரைக்கும்.'
'இரவெல்லாம் ஆகலாம்.'
'ஆளை மாற்றுவோம்.'

பேனாவை மூடுகிறார். தேர்வு முடிந்தது.
நிபால்தோவுக்கு அது காதில் விழவில்லை,
இன்னும் பதினொரு முறை அமுக்கினான்.
ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சான்றிதழ் இரண்டு வருடத்துக்குச் செல்லும்.
சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு
தெருவில் இறங்கிக் கயிற்றைப் பற்றியபோது எரிந்தது.
விரித்துப் பார்த்தாள்:
மை அழிந்த உள்ளங்கையில்
அவள் நகமே பதித்த
நான்கு பிறை.